மூக்கு சாரின் காரில் ஒரு வாடை

கண் அறுவை முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்த என் அக்காவை மருத்துவமனை வாசலில் காரில் ஏற்றிக்கொண்டேன். முன் இருக்கையில் உட்கார்ந்தாள், பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். இரண்டு தெரு தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்:

"தம்பி, வண்டிக்குள்ள ஏதாவது செத்துக் கிடக்குதா?"

மருந்து வாடையாக இருக்கும் என்றேன். கண்ணில் வைத்த பஞ்சு, சொட்டு மருந்து, மருத்துவமனைப் போர்வை என்று காரணங்களை வரிசையாக அடுக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, மருந்து வாடை எது, ஈரத்துணியைச் சுருட்டி மூலையில் போட்டு மறந்த வாடை எது என்று தனக்குத் தெரியும் என்றாள். கண்ணாடியை முழுவதுமாக இறக்கிவிட்டு, வீடு வரும் வரை முகத்தை வெளிப்பக்கமாகவே வைத்துக்கொண்டாள்.

ஒரு காரில் கொஞ்சம் வாடை வந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். என் தொழிலைச் சொன்னால் எனக்கு ஏன் அன்று சோறு இறங்கவில்லை என்பது புரியும். வீடுகளில் தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடித்து அடைப்பதுதான் இருபத்தாறு வருடங்களாக என் பிழைப்பு. சுவரில் ஓதம் ஏறியது, கூரை ஒழுகுகிறது, அலமாரியில் பூஞ்சை பூத்திருக்கிறது, காரணம் தெரியவில்லை என்று கூப்பிடுவார்கள். நான் போய்க் கூடத்தின் நடுவில் நிற்பேன். கண்ணை மூடுவேன். நிதானமாக ஒருமுறை மூச்சை இழுப்பேன். "குளியலறைக்குப் பின்சுவர், தரையிலிருந்து இரண்டடி" என்பேன். உடைத்துப் பார்த்தால் அங்கேதான் இருக்கும். இதனால் எனக்கு 'மூக்கு சார்' என்று பெயர்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் நுழையும் முன்பே வெளிச்சுவரில் பெயின்ட் எங்கே உப்பியிருக்கிறது, எந்தக் குழாய் துருப்பிடித்திருக்கிறது என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போவேன். பாதி வேலையைக் கண்தான் செய்யும். கண்ணை மூடி மூச்சை இழுப்பது, வந்திருப்பவர் சாதாரண ஆள் இல்லை என்று வீட்டுக்காரர்களுக்குக் காட்டுவதற்காக. வருடக்கணக்கில் இப்படிக் காட்டிக் காட்டி, கடைசியில் நானே என் மூக்கை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

அக்காவை வீட்டில் விட்டுத் திரும்பியதும் என் மனைவியிடம் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அக்காவுக்கு வயதாகிறது, எதையாவது கற்பனை செய்கிறாள் என்றேன். மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருக்கிறாள். வலியோடு வருகிறவர்களிடம் முகம் மாறாமல் பேசுவதில் கைதேர்ந்தவள். அந்த முகத்தோடுதான் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு மாசமா வருதுங்க" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருக்கிறாளாம். 'வண்டியில ஏதோ ஒரு மாதிரி இருக்கு' என்று ஆரம்பித்ததும், காற்றில் ஈரப்பதம் கூடினால் இருக்கையின் துணி உறைகள் எப்படி நடந்துகொள்ளும் என்று நான் கால் மணி நேரம் விளக்கினேனாம். அதற்கப்புறம் அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். நான் அதைக் காற்று வாங்குகிறாள் என்று நினைத்து, உடம்புக்கு நல்லது என்று பாராட்டியும் இருக்கிறேன்.

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக விளங்கியது. காலையில் என்னோடு காரில் வந்துகொண்டிருந்த மாடி வீட்டுக்காரர், நடப்பது நல்லது என்று திடீரென்று நடக்க ஆரம்பித்தார். கடைசி வருடப் பள்ளிப் படிப்பில் இருக்கும் என் மகள், இனிமேல் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றாள். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் நாலு பேரிடம் பெருமை அடித்தேன். ஊருக்கே தெரிந்த ஒரு விஷயம் மூக்கு சாருக்கு மட்டும் தெரியவில்லை. தினமும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் மூக்கு மரத்துப்போகும் என்பது தொழிலில் பாலபாடம். எத்தனையோ வீடுகளில் நானே அதைச் சொல்லியிருக்கிறேன். "உங்களுக்குத் தெரியாதுங்க, நீங்க உள்ளேயே இருக்கீங்க இல்ல?" என்று கொஞ்சம் இரக்கமாகச் சிரித்துவிட்டுச் சொல்வேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என்னை அறையவேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் காலை வேட்டை தொடங்கியது. சுவரில் ஈரம் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு காருக்குள் இறங்கினேன். இருக்கைகளில் குத்தினேன். கூரைத் துணியில் குத்தினேன். கதவு ரப்பரை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். டிக்கியைக் காலி செய்து, மாற்றுச் சக்கரத்தைத் தூக்கி, அடியில் விளக்கடித்தேன். எல்லாம் காய்ந்து கிடந்தது. தரையை மட்டும் பார்க்கவில்லை. காரணம், தரையில் கிடந்தது நானே அளவெடுத்து வெட்டி, ஓரங்களைப் பசை போட்டு ஒட்டிய தடித்த ரப்பர் விரிப்பு. மேலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே போகாது என்று அதன்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. கீழே இருக்கும் ஒரு சொட்டு மேலே வராது என்பது எனக்கு உறைக்கவில்லை.

தொழிலுக்கென்று ஒரு விசாரணைப் படிவம் வைத்திருக்கிறேன். வாடை முதலில் உணரப்பட்ட நாள், எந்த நேரத்தில் அதிகம், மழைக்குப் பின் கூடுகிறதா, சந்தேகிக்கப்படும் காரணம் என்று கட்டங்கள் இருக்கும். குடும்பத்தில் ஆளுக்கு ஒன்று கொடுத்து நிரப்பச் சொன்னேன். மனைவி ஒன்றுமே எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தாள். மகள் எல்லாக் கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பி, சந்தேகிக்கப்படும் காரணம் என்ற இடத்தில் 'அப்பா' என்று எழுதியிருந்தாள். அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது கைவைத்தியம். ஒரு கிண்ணத்தில் கரித்தூள், ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா, ஒரு கிண்ணத்தில் காபித்தூள் என்று வாடையை உறிஞ்சுவதற்காக வண்டிக்குள் வைத்தேன். கண்ணாடியில் எலுமிச்சை வாசனை அட்டை ஒன்றைத் தொங்கவிட்டேன். அதன் பலனாக, மூடிக்கிடக்கும் நிலவறை ஒன்றில் யாரோ எலுமிச்சைத் தோலை உரித்துப் போட்டுவிட்டுக் காபி குடிப்பது போன்ற ஒரு வாசனை உண்டாயிற்று. மூன்றாம் நாள் ஒரு பூனை குறுக்கே ஓட, நான் பிரேக்கை மிதிக்க, மூன்று கிண்ணமும் கவிழ்ந்தன. அன்று ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனபோது, என் கால்சட்டையைப் பார்த்து, அடுப்பு வெடித்துவிட்டதா சார் என்று கேட்டார்கள்.

இதற்குப் பிறகுதான் நான் மனிதர்கள் பக்கம் திரும்பினேன். முதல் குற்றவாளி என் மச்சினன், மனைவியின் தம்பி. இரண்டரை மாதம் முன்பு, வீடு மாறும்போது மீன் தொட்டியைக் கொண்டுபோக என் காரை வாங்கிப் போயிருந்தான். அவன் வேலை செய்யும் அச்சகத்துக்கே போய், இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, தொட்டியில் தண்ணீர் இருந்ததா, எவ்வளவு இருந்தது, வளைவில் எப்படித் திருப்பினான் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சத்தியமாக ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை மாமா என்றான். சொல்லும்போது காதுமடல் சிவந்திருந்தது. பொய்யென்று தீர்மானித்தேன். ஆனால் தொட்டி வைத்த பின் இருக்கை காய்ந்துதான் கிடந்தது என்பதால் நிரூபிக்க முடியவில்லை. ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வந்தேன். அன்று மாலை என் மனைவியும் அவனும் போனில் நெடுநேரம் பேசினார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாள் எங்கள் வீட்டில் எல்லாப் பாத்திரங்களும் சத்தத்தோடுதான் வைக்கப்பட்டன.

இரண்டாவது குற்றவாளி என் மகள். வாரத்தில் மூன்று நாள் நீச்சல் பயிற்சிக்குப் போகிறவள். ஈரத் துண்டு, ஈர உடை, பை. இதைவிடத் தெளிவான வழக்கு உண்டா? அவள் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கோபப்படாமல், நியாயமாகத்தான் ஆரம்பித்தேன். ஈரத்துணியை வண்டியில் விட்டால் என்ன ஆகும், பூஞ்சை எத்தனை மணி நேரத்தில் வேர் பிடிக்கும், ஒருவரின் அலட்சியத்தால் எத்தனை பேருக்குக் கஷ்டம் என்று போய்க்கொண்டே இருந்தது. அவள் புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"அப்பா, நான் நீச்சலை விட்டு மூணு மாசம் ஆகுது."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் என்பது அவள் முதுகிலேயே தெரிந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ரெண்டு தடவை சொன்னேன். ஒரு தடவை கார்ல. அப்ப நீங்க போன்ல யாருக்கோ மொட்டைமாடி விரிசலைப் பத்திச் சொல்லிட்டிருந்தீங்க. தலையை ஆட்டினீங்க. சரின்னு நினைச்சுக்கிட்டேன்."

ஏன் விட்டாய் என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது, அப்படியானால் அந்தத் துண்டு எங்கே என்பதுதான். இருபத்தாறு வருடப் பழக்கம், விசாரணையைப் பாதியில் விட முடியவில்லை. அவள் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்திருந்தால் தேவலை.

அதற்குப் பிறகும் நான் மெக்கானிக்கிடம் போகவில்லை. கசிவு கண்டுபிடிக்கிற ஆள் இன்னொருவரிடம் போய், என் வண்டியில் ஈர வாடை வருகிறது, எங்கே என்று தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு வாரம் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, தூசியெல்லாம் தின்றுகொண்டு ஓட்டினேன். என் மானத்தைக் கடைசியாக வாங்கியவர் ஒரு வாடிக்கையாளர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எதையும் சரியாகச் சொல்லவேண்டும் என்று நினைப்பவர். பூட்டிக்கிடக்கும் தன் இன்னொரு வீட்டில் ஏதோ வாடை வருகிறது, வந்து பாருங்கள் என்றார். பஸ் நிறுத்தத்திலிருந்து அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். எந்த மாதிரி வாடை என்று வழியில் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். முகம் மலர்ந்தது.

"இதேதான் சார்" என்றார். "இப்ப உங்க வண்டியில வருது பாருங்க, அச்சு அசலா அதேதான்."

அவர் கேலி செய்யவில்லை. உதாரணம் கையருகிலேயே கிடைத்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். அவர் வீட்டு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன்.

அந்தப் பட்டறையை நடத்துகிறவர் கார் ஏசி பழுது பார்ப்பதில் பெயர் போனவர். நாற்பது வயதிருக்கும். எல்லாரும் 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஏனென்றால் கேள்வி கேட்டு முடிக்காமல் எந்த வண்டியையும் தொடமாட்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு என் காருக்குள் தலையை விட்டார். உடனே வெளியே எடுத்தார்.

எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். மழை நாளில் அதிகமா என்றார். இல்லை, ஏசி போட்டால் அதிகம் என்று மனைவி சொல்வதாகச் சொன்னேன். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னேன். "ஒரு சொட்டுக்கூட இல்லைங்க."

டாக்டரம்மா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"ஏசி போட்டா தண்ணி ஊறத்தான் சார் செய்யும். அது வெளிய சொட்டணும். சொட்டலைன்னா, எங்க போகுது?"

எங்கே போகிறது? இதே கேள்வியை எத்தனை வீடுகளில், எத்தனை பேரைப் பார்த்து, தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு நான் கேட்டிருக்கிறேன்! தண்ணீர் மறைந்து போகாதுங்க, அது எங்கேயோ போய்க்கொண்டுதான் இருக்கும் என்று பாடம் எடுத்தவனும் நான்தான்.

அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் போனார். கொஞ்ச நேரம் சுரண்டும் சத்தம். பிறகு எதையோ இழுத்தார். மடை திறந்தது போலத் தண்ணீர் கொட்டியது. சட்டைக் கை முழுக்க நனைந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரல் கனத்தில், பச்சையும் சாம்பலும் கலந்த ஓர் அடைப்பு. தண்ணீர் வெளியேறும் ரப்பர் குழாயின் வாயை யாரோ பசை வைத்து மூடி, விரலால் அழுத்தி மழமழவென்று முடித்திருந்தார்கள்.

அந்தப் பச்சைச் சாம்பல் நிறத்தில் பசை கலக்குகிறவன் இந்த ஊரில் ஒருவன்தான். அழுத்தின கட்டைவிரலின் தடம் அதில் பிறை போலப் பதிந்திருந்தது. குறுக்கே ஒரு கோடு. பத்து வருடம் முன்பு தகரம் கிழித்த என் கட்டைவிரல் தழும்பு.

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. நாலு மாதம் முன்பு, பளபளவென்று தரை போட்ட ஒரு வீட்டின் முன்கூடத்தில் காரை நிறுத்தியிருந்தேன். வேலை முடிந்து வந்து பார்த்தால் காருக்கு அடியில் சின்னக் குட்டை. வீட்டுக்கார அம்மா, எங்கள் ஒழுகலை நிறுத்த வந்தவர் வண்டியே ஒழுகுதே என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. தெரு முனையில் வண்டியை நிறுத்தி, அடியில் ஊர்ந்து போய், சொட்டும் இடத்தைக் கண்டுபிடித்து, இரண்டே நிமிடத்தில் அடைத்தேன். அது என்ன குழாய், எதற்காகச் சொட்டுகிறது என்ற கேள்விகளெல்லாம் எழவேயில்லை. சொட்டினால் அடைக்கவேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பியவன் அந்தச் சாதனையை அன்று சாயங்காலமே மறந்தும் போனேன்.

இந்த இடத்தில் நான் உடனே ஒப்புக்கொண்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஒப்புக்கொள்ளவில்லை. "யாரு செஞ்சாங்களோ" என்றேன். முன்பு வண்டியைக் கழுவக் கொடுத்த இடத்தில் யாராவது செய்திருப்பார்கள் என்று வேறு சேர்த்துக்கொண்டேன். டாக்டரம்மா அந்த யாரோவைத் திட்ட ஆரம்பித்தார். அறிவில்லாத ஜென்மம் என்றார். நான் தலையாட்டினேன். இப்படிப்பட்ட ஆட்களைக் கருவிப் பெட்டி பக்கமே விடக்கூடாது என்றார். அதுவும் சரிதான் என்றேன். அவர் பேசிக்கொண்டே அந்த அடைப்பை விரலால் நசுக்கிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். அது அசையவில்லை.

"ஆனா வேலையைச் சொல்லணும் சார்" என்றார். "இத்தனை மாசம் தண்ணியில ஊறியும் ஒரு துளி விடல பாருங்க. இவ்வளவு நல்லா அடைக்கத் தெரிஞ்சவன் யாருன்னு தெரியல."

"நான்தாங்க" என்றேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பியிருப்பேன். ஆனால் என் வேலையை ஒருவர் பாராட்டும்போது, அது இன்னொருவன் பேரில் போவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏற்கெனவே சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கீழே இறக்கி மாட்டிக்கொண்டு, "இருக்கையைக் கழட்டணும், நீங்களும் ஒரு கை பிடிங்க" என்று மட்டும் சொன்னார்.

ரப்பர் விரிப்பைப் பிய்த்தெடுக்க இருவருக்கும் அரை மணி நேரம் பிடித்தது. அதையும் நன்றாகத்தான் ஒட்டியிருந்தேன். அடியில் இருந்த கம்பளமும் பஞ்சும் குளத்தில் கிடந்தவை போலக் கனத்தன. விரிப்பு எட்டாத இடத்தில், முன் இருக்கைக்குக் கீழே, கறுப்பும் வெள்ளையுமாகப் பூஞ்சை படர்ந்து கிடந்தது. அதன் நடுவில் என் காபித்தூள் கட்டி கட்டியாக உறைந்திருந்தது. பஞ்சை எறிந்துவிட்டு வேறு போடவேண்டும், கம்பளத்தைக் கழுவி நாலைந்து நாள் வெயிலில் காயவைக்கவேண்டும், அதுவரை வெறும் தகரத் தரையோடு ஓட்டுங்கள் என்றார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். முகம் மாறாமல் கேட்டாள். முழுவதும் சொல்லி முடித்த பிறகு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே அவள் சிரித்து ஓய்ந்து திரும்பி வர வெகுநேரமாயிற்று. சாப்பிடும்போது, "கட்டைவிரலைக் காட்டுங்க பார்ப்போம்" என்று வாங்கிப் பார்த்தாள். மறுபடியும் உள்ளே போய்விட்டாள். ஆனால் பாத்திரங்கள் அன்றிலிருந்து சத்தமில்லாமல் வைக்கப்பட்டன.

மச்சினனிடம் மன்னிப்புக் கேட்க அச்சகத்துக்கே போனேன். எல்லார் முன்னாலும் கேட்டதை எல்லார் முன்னாலும்தான் திருப்பித் தரவேண்டும். இயந்திரச் சத்தத்துக்கு மேல் உரக்க, தப்பு என்மேல்தான் மாப்ளே, உன்னைச் சந்தேகப்பட்டதற்கு என்னை மன்னிக்கணும் என்றேன். அவன் கூச்சத்தோடு என்னை வெளியே தள்ளிக்கொண்டு போனான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"மாமா, ஒண்ணு சொல்றேன், அக்காகிட்ட சொல்லிடாதீங்க. அன்னிக்கு அரைத் தொட்டித் தண்ணி கொட்டிருச்சு. மூணு மணி நேரம் வெயில்ல நிறுத்தி, துணியால ஒத்தி ஒத்திக் காயவெச்சுத்தான் கொண்டாந்தேன். ஒரு மீனை இருக்கைக்கு அடியிலேர்ந்து எடுத்தேன். உசிரோடதான் இருந்துச்சு."

அப்படியென்றால் காதுமடல் விஷயத்தில் நான் சரியாகத்தான் கணித்திருக்கிறேன் என்று ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை. இந்த அளவு முன்னேற்றம் என்னிடம் இருந்தது.

மகள்தான் பாக்கி. அவளிடம் என்ன சொல்வது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். கடைசியில் ஒரு மாலை அவள் பள்ளி வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்றேன். கார்க் கதவைத் திறந்து வெறும் தகரத் தரையைப் பார்த்தாள். மூச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

போனை அணைத்துப் பின் இருக்கையில் போட்டேன். துண்டைப் பற்றிக் கேட்டது தப்பு என்றேன். ஒத்திகை பார்த்த மற்ற வாக்கியங்களெல்லாம் எங்கோ போய்விட்டன. அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, பரவாயில்லைப்பா என்றாள். தகரத்தில் அவள் செருப்பு டக்டக்கென்று தட்டிக்கொண்டு வந்தது.

"நீச்சல் ஏம்மா பிடிக்கல?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது உடன் வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டு சிக்னல் தாண்டின. பிறகு சொன்னாள். பிடிக்காமல் இல்லை. ஒவ்வொரு நாளும் கடிகாரத்தை வைத்து, நேற்றைவிட எத்தனை நொடி குறைந்தது என்று கேட்கிறார்கள். குறையாத நாளில் தண்ணீரிலிருந்து ஏறவே வெட்கமாக இருந்தது. அந்த மாலைகளில் இப்போது அவள் போவது, மீன் சந்தைக்குப் பின்னால் தெருநாய்களைப் பராமரிக்கும் ஒரு கொட்டகைக்கு. குளிப்பாட்டுகிறாள், புண்ணுக்கு மருந்து போடுகிறாள். எல்லா நாய்க்கும் ஒவ்வொரு குணம் என்று ஆரம்பித்தவள், கொட்டகை வரும் வரை நிறுத்தவில்லை. எங்கே திரும்பவேண்டும் என்பதை மட்டும் நடுநடுவே கைகாட்டினாள்.

அங்கே ஒரு பழுப்பு நாய், காது வீங்கி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும், வண்டிதான் கிடைக்கவில்லை என்று கொட்டகைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் குளிப்பாட்டியிருந்தார்கள், உடம்பெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. மகள் என்னைப் பார்த்தாள்.

பின் கதவைத் திறந்தேன், மகள் முதலில் ஏறிக்கொண்டாள். நாய் ஏறி, மகள் மடியில் முன்னங்காலை வைத்துக்கொண்டு, நன்றாக ஒருமுறை உடம்பை உதறியது. கண்ணாடி, கூரை, என் பிடரி, எல்லாம் நனைந்தன. மருத்துவமனை எந்தப் பக்கம் என்று கேட்டேன். நேராகப் போய் இடதுபக்கம் திரும்புங்கள், கொஞ்சம் மெதுவாக, அதற்குத் தலை சுற்றும் என்றாள்.